கருங்கல் வந்தார்

1

இந்தக் கதை ஒரு விகுதியில் ஆரம்பித்தது. படமே இல்லாமல், எழுத்தை மட்டும் வைத்துப் பலர் சேர்ந்து இணையத்தில் ஆடும் விளையாட்டு ஒன்று. ‘வடக்கே போ’ என்று தட்டினால் எல்லோர் திரையிலும் ‘இன்னார் வடக்கே போனான்’ அல்லது ‘போனாள்’ என்று வரும். பத்தாவது லெவலைத் தாண்டினால் ‘போனார்’. அவ்வளவுதான் பரிசு. அந்த ஒரு ‘ஆர்’ கிடைக்க ஜனங்கள் பூதங்களோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

2

ஓட்டல் சலவைப் பிரிவில் துணி மடிக்கும் ஓர் ஏழைத் தாய்—

(வேண்டாம். இப்போதே கைக்குட்டையை எடுத்துவிடுவீர்கள்.)

ஓட்டல் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குகிறவள் அவள். மேற்பார்வையாளருக்கு அவள் மகன் வயதுதான். அவர் அவளை ‘வா, போ’ என்று—

நிறுத்துகிறேன். சின்னவர் ‘அவர்’, பெரியவள் ‘அவள்’. யாரும் மிரட்டவில்லை, என் கை தானாகவே எழுதியது. மாற்றலாம்தான். மாற்றினால் நடந்தது பொய்யாகிவிடும்.

3

சாவி வாங்கப் போனபோது அவர் அலுவலகக் கணினியில் ஆடுவதைப் பார்த்தாள். அதில் அவர் பெயர் ‘மின்னல்’. அன்றே அவளும் கைப்பேசியில் ‘கருங்கல்’ என்று சேர்ந்தாள். பத்தாவது லெவலைத் தாண்டிய அன்று திரையில் வந்தது: ‘கருங்கல் வந்தார்.’ படித்துவிட்டு அழுதாள். [இந்த வரியை இரண்டு முறை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். அழுதாள், நான் என்ன செய்ய?]

‘ஆர்’ போட்டால் ஆணா பெண்ணா என்று தெரியாது. மின்னலுக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை.

“அண்ணே, பாலத்தைத் தாண்ட முடியல. கொஞ்சம் கூட வாங்களேன்.”

கருங்கல் போனார். பூதத்தை அடித்தார்கள். சிநேகமானார்கள்.

4

நேற்று மின்னல் கேட்டான். (அவனுக்கு இன்னும் ஏழாவது லெவல்தான். ‘கேட்டான்’ விளையாட்டின் தீர்ப்பு.)

“அண்ணே, ஒரு யோசனை சொல்லுங்க. எங்க சலவைப் பிரிவுல துணி மடிக்கிற அம்மா ஒண்ணு இருக்கு. கை ரொம்ப மெதுவாயிடுச்சு அதுக்கு. வர்ற மாசம் நிறுத்திடலாம்னு பாக்கறேன். மனசு கேக்க மாட்டேங்குது. நீங்க என்ன சொல்றீங்களோ அதான்.”

(‘அதுக்கு’. விளையாட்டில் இந்த ‘அது’ ஆடு மாடுகளுக்கும் பூதங்களுக்கும் மட்டும்.)

அந்தப் பிரிவில் மடிக்கிறவள் அவள் ஒருத்திதான். இந்த வேலை போனால் அவளுக்கு வேறு வழியும் இல்லை.

5

‘நிறுத்தாதே தம்பி’ என்று கருங்கல் சொல்லலாம். கேட்டுக்கொள்வான், வேலை தங்கும். ஆனால் அவளைக் காப்பாற்றியது, உலகத்திலேயே இல்லாத ஓர் அண்ணனாக இருக்கும்.

‘அந்த அம்மா நான்தான்’ என்று அவள் சொல்லலாம். வேலையும் போகலாம், ‘கூட வாங்களேன்’ என்று கூப்பிடும் ஒரே ஆளும் போகலாம்.

என் தங்கை படித்துவிட்டு, “ரெண்டும் வேணாம். அவனே கண்டுபிடிக்கிற மாதிரி எழுது” என்றாள். கண்டுபிடிக்கிற ஆளாக இருந்தால் இந்தக் கதையே எதற்கு?

அவள் ‘சொல்’ என்ற கட்டளையைத் தட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குப் பதிலாக முடிவெடுக்க எனக்குத் துணிச்சல் இல்லை. இரண்டு வரி விட்டிருக்கிறேன். ஒன்றை அடித்துவிட்டு மற்றதை நீங்கள் நிரப்புங்கள். சீக்கிரம். அண்ணன் பேசாமல் இருந்தால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வான்.

கருங்கல் சொன்னார்: “

அவள் சொன்னாள்: “