மத்தியானப் போட்டோ

காலைப் போட்டோ ஏறிய கையோடு பழனிக்குமார் வந்து நின்றான். அவன் காருக்குப் பின்னால் இரண்டு மினி லாரிகள். குளத்து வரத்து வாய்க்காலுக்குள் மண் அள்ளிக்கொண்டிருந்த பொம்பளைகள் நிமிர்ந்து பார்த்தார்கள். வந்தவன் கட்சிக்காரன் என்று தெரிந்ததும் மறுபடி குனிந்துகொண்டார்கள்.

“தங்கச்சி, எல்லாரையும் ஏத்து. ரெட்டியார்சத்திரம் மண்டபத்துல எம்.எல்.ஏ. பேசுறாரு. தொகுதிக்கு என்னென்ன செஞ்சாருன்னு சனத்துக்குச் சொல்லணும்ல? கேக்க ஆள் வேணாமா?”

புவனேஸ்வரி அங்கே நூறு நாள் வேலைக்குப் பொறுப்பாளர். வந்த ஆட்களைக் காலையில் ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம் வேலை நடக்கிற இடத்திலேயே நிறுத்தித் தன் செல்லில் படம் பிடித்து ஏற்ற வேண்டும். ஒன்று தவறினாலும் அன்றைக்குப் பட்ட பாடு வீண்; சம்பளம் கிடையாது. போன மாதம் ஒரு நாள் டவர் கிடைக்காமல் மத்தியானப் படம் ஏறவில்லை. அன்று சாயங்காலம் அவள் வாசலில் வந்து விழுந்த வசவு தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

“மத்தியானப் போட்டோ இங்கதாண்ணே எடுக்கணும். வேற எடத்துல எடுத்தாச் செல்லாது.”

“எனக்குத் தெரியாதாக்கும்? அதுக்குள்ள கொண்டாந்து விட்டுர்றேன். ஒனக்கு இந்த வேலைய வாங்கிக் குடுத்தது யாருன்னு ஞாபகம் இருக்குல்ல?”

இருந்தது. அதனால்தான் அவள் பொம்பளைகள் பக்கம் திரும்பி, “ஏறுங்க, செத்த நேரம் உக்காந்துட்டு வந்துரலாம்” என்றாள்.

சண்முகவள்ளி மண் சட்டியைக் கரையில் ணங்கென்று வைத்தாள். “ஏடி, அவனுக்கு நீ வாலாட்ட எங்க சம்பளம்தான் கெடச்சுதா? போட்டோ மட்டும் தவறட்டும், ஒன் வீட்டு அண்டாவத் தூக்கிட்டுப் போயிருவேன்.”

“தவறாது சித்தி.”

“தவறாதாம்ல. சொல்லிட்டாக கலெக்டரம்மா.”

எம்.எல்.ஏ. வருவதாகச் சொன்ன நேரம் போய், வெயில் உச்சிக்கு ஏறிய பிறகுதான் மண்டபத்துக்கு வந்தார். சால்வை போட ஒரு வரிசை, போட்டவர்களோடு படம் எடுக்க ஒரு வரிசை. அதற்கப்புறம் மைக்கைப் பிடித்தார்.

“மேற்குத் தெருவுக்குத் தார் ரோடு போட்டுக் கொடுத்தேன்!”

“அவுக மச்சான் தோப்பு வரைக்கும்தான வந்துச்சு” என்றாள் சண்முகவள்ளி. அவள் குரலைத் தணிக்கவே இல்லை.

“ரேஷன் கடைக்குப் புதுக் கட்டடம் கட்டிக் கொடுத்தேன்!”

“அதுக்குள்ளதான நாய் குட்டி போட்டுருக்கு.”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். புவனேஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை. செல்லில் மணியைப் பார்த்துவிட்டு வெளியே ஓடினாள். மினி லாரிகள் நின்ற இடம் காலியாகக் கிடந்தது. பழனிக்குமார் வாசல் தூணில் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருந்தான்.

“வண்டிய எங்கண்ணே?”

“ஆத்தூர்க் கூட்டத்துக்கு ஆள் ஏத்தப் போயிருச்சு. இப்ப என்ன குடி முழுகிப் போச்சு? ஒரு நாள் சம்பளந்தான? பிரியாணி போடுறோம், தின்னுட்டுப் போகச் சொல்லு.”

அவனோடு மல்லுக்கு நின்று பிரயோசனமில்லை. அவள் உள்ளே திரும்பினாள். எம்.எல்.ஏ. அப்போது கையை உயர்த்திச் சொல்லிக்கொண்டிருந்தார்: “நூறு நாள் வேலையில என் தொகுதியில ஒருத்தருக்கும் ஒரு நாள் சம்பளம்கூட வெட்டுப்பட்டதில்ல!”

புவனேஸ்வரி நடுவழியாக நடந்து மேடைக்கு முன்னால் போய் நின்றாள். “இன்னைக்கு வெட்டுப்படப் போகுதுங்கய்யா. வேல செஞ்சவுகளக் கூட்டியாந்து இங்க உக்கார வச்சிருக்காக. மத்தியானப் போட்டோவுக்கு வாய்க்கால்ல ஒரு ஆள் இல்ல.”

நாலைந்து பேர் செல்லைத் தூக்கி வீடியோ எடுத்தார்கள். எம்.எல்.ஏ. அதைக் கவனித்தார். “வேலை நேரத்துல இவங்கள யாரு கூட்டியாந்தது?”

பழனிக்குமார் முந்திக்கொண்டான். “இந்தப் பொறுப்பாளர் பொம்பளதான்யா. நாங்க கூப்பிடவே இல்ல. பிரியாணிக்கு ஆசப்பட்டு வந்துருக்கும்.”

எம்.எல்.ஏ. மைக்குக்குத் திரும்பினார். “ஏழைகள் வயித்துல அடிச்ச இந்தப் பொறுப்பாளர் மேல இன்னைக்கே நடவடிக்கை எடுக்கச் சொல்றேன். தப்புன்னா யாரா இருந்தாலும் விட மாட்டேன்!”

முன்வரிசை கை தட்டியது. புவனேஸ்வரி தன் ஆட்கள் இருந்த பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே ஒரு கையும் தட்டவில்லை. சண்முகவள்ளி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

“எந்திரிங்கடி.”

நாற்காலிகள் கடகடவென்று சரிந்தன. வெளியே எம்.எல்.ஏ. காரும் அதைச் சுற்றிக் கட்சிக் கார்களும் ஆத்தூருக்குப் புறப்படத் தயாராக நின்றன. பொம்பளைகள் வெளிக்கேட்டை மறித்துத் தரையில் உட்கார்ந்தார்கள்.

“எந்திரிக்கிறீகளா, போலீசக் கூப்பிடவா?” என்று பழனிக்குமார் கத்தினான்.

“கூப்புடு. அவுக ஜீப்புலயாச்சும் எங்கள வாய்க்கால்ல எறக்கி விடட்டும்” என்ற சண்முகவள்ளி, புவனேஸ்வரியைப் பார்த்தாள். “நீ எதுக்குடி பனமரமாட்டம் நிக்கிற? எல்லாம் ஒன்னால வந்ததுதான. உக்காரு.”

அவள் உட்கார்ந்தாள். வீடியோக்காரர்கள் கேட்டுக்கே வந்துவிட்டார்கள். ஆத்தூரிலிருந்து போன் மேல் போன். வெளியே வந்த எம்.எல்.ஏ. சிரித்த முகம் மாறாமல், பல்லைக் கடித்தபடி பழனிக்குமாரிடம் சொன்னார்: “கார்ல ஏத்திட்டுப் போயித் தொலைங்கய்யா இதுகள.”

சேற்றுக் காலோடு, வெள்ளை உறை போட்ட சீட்டுகளில் ஒருத்தி மடியில் ஒருத்தியாக ஏறினார்கள். பழனிக்குமார் காரில் முன் சீட்டு சண்முகவள்ளிக்கு; அவன் பின்சீட்டு மூலையில் ஒடுங்கினான். “ஏசியக் கூட்டுடா” என்றாள் டிரைவரிடம்.

வாய்க்கால் கரையில் இறங்கி, ஓடிப் போய் வரிசையில் நின்றார்கள். செல்லில் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு படம் ஏறிவிட்டது.

“ஏறிருச்சு” என்றாள் புவனேஸ்வரி.

யாரும் அவளுக்கு நல்ல வார்த்தை சொல்லவில்லை. சட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கினார்கள். பழனிக்குமார் கார் கண்ணாடியை இறக்கினான். “திருப்தியா? நாளையிலருந்து வேற ஆள்தான் போட்டோ எடுக்கும். இனிமே என் வாசப்படி ஏறிறாத.”

கார் கிளப்பிவிட்ட புழுதி அடங்கும்வரை அவள் அங்கேயே நின்றாள். கீழேயிருந்து சண்முகவள்ளியின் குரல் வந்தது.

“என்னடி, அவன் போன பாதையவே பாத்துக்கிட்டு நிக்கிற? நாளைக்கு எங்ககூட வேலைக்கு வரும்போது மம்பட்டி கொண்டா. எங்கிட்ட எரவல் கேட்ட, வெட்டிப்புடுவேன்.”