எஞ்சின் நின்றால் விழிப்பவள்

காந்திமதியை ஊர் சுற்றிக் காட்டக் கூட்டிப்போகிறவன் வண்டியில் படுக்கை போட்டிருக்கவே கூடாது. கோதண்டம் போட்டான். பன்னிரண்டு வருஷமாகக் கம்பெனி வேன் ஓட்டுகிறவனுக்கு இது தெரியாதா என்றால், நன்றாகவே தெரியும். ஆசை யாரை விட்டது?

கம்பெனி ஆட்களின் தூக்கம் தனி ரகம். வேன் உருண்டதும் தலை ஜன்னலில் சாயும். மழை பெய்யட்டும், பக்கத்து லாரி ஹாரன் அடித்துக் காதைக் கிழிக்கட்டும், அசைய மாட்டார்கள். எஞ்சின் நின்றால்தான் கண் திறக்கும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் லைன் லீடராக இருக்கும் காந்திமதி, இந்த வித்தையில் கைதேர்ந்தவள்.

அவளுக்குக் காலை ஷிப்ட் என்றால் அவள் புருஷன் கோதண்டத்துக்கு ராத்திரி ட்ரிப். அவளுக்கு ராத்திரி ஷிப்ட் வந்தால் இவனைக் காலை ட்ரிப்புக்குப் போட்டுவிடுவார்கள். மண்ணூரில் ஒரே வீட்டில் குடியிருந்தும் இருவரும் பேசிக்கொள்வது பாதி நாள் ஃப்ரிட்ஜில் ஒட்டிய சீட்டில்தான். 'பால் இல்ல.' 'வாங்கி வெச்சாச்சு.' இப்படியே பதினோரு வருஷம் ஓடிவிட்டது.

இந்த லட்சணத்தில் அவளுக்கு ஓசூர் கிளையில் சூப்பர்வைசர் வேலை வந்தது. தங்குவதற்கு ஹாஸ்டல். திங்கட்கிழமை காலைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். "உன் இஷ்டம்" என்று கோதண்டம் பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிட்டான். சொன்ன நாளிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. போகாதே என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வீட்டில் வாய் வரவில்லை. ஏரிக்கரையில், பறவைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னால் வந்துவிடும் என்று எப்படியோ அவன் மண்டையில் ஏறிவிட்டது.

முதலாளி கழித்துவிட்ட பழைய வேன் ஒன்று அவனிடம் இருந்தது. பின்னால் ஆறு சீட்டைக் கழற்றி மெத்தை போட்டான். ஒற்றை அடுப்பு, தண்ணீர் கேன், ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. ஜனவரி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் விடிந்ததும் புறப்பட்டார்கள்.

"காந்தி, ஸ்ரீபெரும்புதூர் ஏரி பாரு, தண்ணி தளும்பிக்கினு கீது!"

திரும்பிப் பார்த்தான். மெத்தையில் சுருண்டு கிடந்தாள்.

ஒரகடத்தில் இரண்டு பெண்கள் யூனிஃபார்மில் கை காட்டினார்கள். கோதண்டத்தின் மூளை போகலாம் என்றது. கால் பிரேக்கை மிதித்தது. "அண்ணா, புது செட்டிங்கா? சூப்பரா கீது" என்று ஏறியவர்கள் அடுத்த நிமிஷமே தூங்கிப்போனார்கள். குடும்ப உல்லாசப் பயணம் அவர்களை அவர்கள் கம்பெனி வாசலில் இறக்கிவிட்டுத் தொடர்ந்தது.

படப்பை ஏரியும் அவளுக்குத் தெரியாமலே போனது. வண்டலூர் உயிரியல் பூங்கா வாசலில் எஞ்சினை நிறுத்தினான். சட்டென்று எழுந்து உட்கார்ந்தவள், கழுத்தில் அடையாள அட்டையைத் தேடினாள். உள்ளே வெள்ளைப்புலி மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது.

"பாவம், இதுக்கும் நைட் ஷிப்ட்டா?" என்றாள்.

கோதண்டம் சிரித்தான். சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஐம்பது பேர் நடுவில் புகுந்துவிட்டார்கள். புலியாவது ஒன்றாவது, நாளைக்கு வேடந்தாங்கலில் பறவைகளைப் பார்த்துக்கொண்டே சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டான். தள்ளிப்போடுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. செங்கல்பட்டில் கடல் மாதிரி விரிந்த கொளவாய் ஏரியை அன்று மாலை அவன் ஒருவன்தான் பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை வேடந்தாங்கல் காட்சிக் கோபுரத்தின் மேல் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். ஏரிக்குள் நின்ற மரங்களெல்லாம் கூடுகள். ஒரு நாரை வந்து இறங்கியது. கூட்டில் இருந்தது எழுந்து பறந்தது.

"பாத்தியா? ஒண்ணு வந்தா ஒண்ணு போவுது. நம்ம வூடு மாதிரியே கீது" என்றாள் காந்திமதி. பிறகு அவன் முகத்தையே பார்த்தாள். "இன்னா? ஏதோ சொல்ல வந்த மாதிரி கீது?"

இதைவிட நல்ல நேரம் எந்த மடையனுக்கும் அமையாது. கோதண்டம் வாயைத் திறந்தான்.

"பின் டயர்ல காத்து கம்மியா கீது" என்றான்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அப்போ போலாம்" என்று இறங்கினாள்.

திரும்பும்போதும் அதே கதை. செங்கல்பட்டு தாண்டுவதற்குள் அவள் குறட்டை. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் அவளுடைய கம்பெனிப் பெண்கள் மூன்று பேர், மதிய ஷிப்ட்டுக்குப் போகிறவர்கள், கை காட்டினார்கள். கால் மறுபடியும் பிரேக்கை மிதித்தது. எஞ்சினை மட்டும் நிறுத்தவில்லை. அவள் தூங்கட்டும் என்று.

மூன்று தலைகளும் ஜன்னலில் சாய்ந்தன. வண்டியே தூங்கியது. அப்போதுதான் பாவிக்கு வாய் வந்தது.

"போவாத காந்தி" என்றான் ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "உன் இஷ்டம்னு சொன்னது பொய். நீ எழுதுற சீட்டு ஒண்ணைக்கூட நான் தூக்கிப் போட்டதில்ல, எல்லாம் என் டிபன் பாக்ஸ் பையில கீது. நீ இல்லாத வூட்டுல நான் இன்னா பண்ணுவேன்?" ஒரகடம் வரைக்கும் பேசினான். கண்ணைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியில் பார்த்தான். நால்வரும் நல்ல தூக்கம். மனசு லேசாகிவிட்டது. சொல்லியாகிவிட்டதே!

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவள் போன் வந்தது.

"யோவ், டிபன் பாக்ஸ் பையில இன்னா வெச்சிருக்க?"

கோதண்டம் பையை இழுத்து மூடினான். "யார் சொன்னா?"

"கேன்டீன்ல ஊரே சொல்லுது. தங்கமாரின்னு ஒரு திருநெல்வேலிப் பொண்ணு, ட்ரெயின்லயே தூங்கி முடிச்சிட்டாளாம். உன் வேன்ல தூக்கம் வரலியாம். ராத்திரி ஹாஸ்டல்ல நீ பேசினதைப் பேசிக் காட்டி எல்லாரையும் அழ வெச்சிருக்கா. 'அக்கா, அண்ணன் இப்படி உருகுதாவ, ஒங்களுக்குத் தெரியாதாக்கும்?'னு எங்கிட்டயே கேக்குறா."

"அப்போ... நீ போவலியே?"

கேன்டீன் தட்டுச் சத்தம் தேய்ந்தது. அவள் வெளியே வந்துவிட்டாள் போல.

"வெள்ளிக்கிழமையே வேணாம்னு எழுதிக் குடுத்துட்டுதான் உன்கூட வந்தேன். ஒரு வார்த்த நீ கேப்பன்னு பாத்தேன். டயர்ல காத்து இல்லன்னு சொன்ன. இன்னிக்குக் காலைல எட்டு மணிக்குப் போயி, அந்தப் பேப்பரைக் கிழிச்சிட்டு, சரின்னு கையெழுத்துப் போட்டுட்டேன். ரெண்டு மணி நேரம் லேட்டுய்யா நீ."

கோதண்டம் வாசலில் நின்ற வேனைப் பார்த்தான். மெத்தை கலைந்தபடியே கிடந்தது. அடுப்பை இன்னும் இறக்கவில்லை. இந்த முறை அவன் தள்ளிப்போடவில்லை.

"ஓசூர்ல ஏரி கீதா காந்தி?"

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "நெறைய கீதாம்" என்றாள். "ஆனா வழியில கை காட்டுறவங்களையெல்லாம் ஏத்திக்கினு நிக்காத. நேரா வா."