ராவுத்தரின் அழுகைப் பெட்டி

அப்துல் கரீம் ராவுத்தருக்குத் தோல் வாடை ஆகாது. அவருடைய மைத்துனர் ஷேக் பரீதோ தோல் மண்டி வைத்திருந்தார். யாருக்கு எது ஆகாதோ அதையே தொழிலாகக் கொண்டவர் மைத்துனராக வந்து வாய்ப்பது உலக வழக்கம். அதற்கு நாம் ஒன்றும் செய்வதற்கில்லை.

கரீமின் தொழில் துணி. வாரம் ஒருமுறை அடிவாரத்திலிருந்து மூட்டையோடு கொல்லிமலை ஏறி, சோளக்காட்டுச் சந்தையில் ஒரு பலா மரத்தடியில் பாய் விரித்துச் சேலையும் வேட்டியும் விற்பார். விற்பார் என்று ஒரு மரியாதைக்குச் சொல்வதுதான். துணி வியாபாரிக்கு வாய் வேண்டும். கரீமுக்கு இருந்த வாய் சாப்பிடுவதற்கும் வெற்றிலை போடுவதற்குமே சரியாக இருந்தது. "சீலைங்க" என்று ஒருதரம் சொல்வார், அதையும் சேலையைப் பார்த்துத்தான் சொல்வார்.

"ஆடிப் பதினெட்டு வரைக்கும் பாருங்க," என்றாள் அவர் மனைவி சலீமா பீவி. "அந்த நோம்பிப் பண்டிகைக்குக்கூடத் துணி போகலேன்னா, கடையை மூடிட்டு எங்கண்ணன் மண்டிக்கே போயிருங்க. மலையேறி மலையேறி உங்க முழங்கால் தேஞ்சதுதான் மிச்சம்."

கரீம் சரியென்றார். சொன்ன மாத்திரத்தில் மூக்கில் அந்த வாடை அடித்தது. ஆடிப் பதினெட்டுக்கு இன்னும் நாலு சந்தைதான் இருந்தது.

அந்த வாரம் ராசிபுரம் போனவர், ஒரு காபிக் கிளப்பில் கூட்டம் நெரிவதைப் பார்த்தார். காபி சுமார்தான். கல்லாவுக்குப் பக்கத்தில் கிராமபோன் பெட்டி ஒன்று பாடிக்கொண்டிருந்தது, கூட்டம் அதற்கு. பேசும்படம் வந்து பட்டிதொட்டியெல்லாம் பாட்டுப் பைத்தியம் பிடித்திருந்த காலம் அது. நாடகக்காரி ஒருத்தி, போரில் கணவனைப் பறிகொடுத்த ராணியாகப் புலம்பிக்கொண்டிருந்தாள். ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே இன்னொரு வடை கேட்டார்கள். கரீமுக்குப் பொறி தட்டியது. நமக்கு வாயில்லாவிட்டால் என்ன, வாயுள்ள பெட்டி ஒன்றைக் கொண்டுபோய் வைத்துவிட்டால் போயிற்று!

பழைய பெட்டி ஒன்றும் பாட்டுப் பிளேட் இரண்டும் வாங்கினார். ஒன்று அதே ராணியின் புலம்பல், மற்றொன்று சிரிப்புப் பாட்டு. மலையேறும் வழியில் இளைப்பாற உட்கார்ந்தவர், சிரிப்புப் பாட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். 'சடக்'கென்று ஒரு சத்தம். அத்தோடு சிரிப்பு முடிந்தது.

துணி மூட்டையைத் தலையிலும் பெட்டியை இடுப்பிலுமாகச் சுமந்து வந்தவள் பழனாயி. மலைமேல் குண்டனி நாட்டுக்காரி. மூன்று வருடமாக அவருக்குச் சுமை தூக்குகிறாள். சந்தைக்கு முந்தின நாள் அடிவாரத்துக்கு இறங்கி வருவாள். மறுநாள் விடியலில் அவரோடு மலையேறி, சந்தை முடிந்ததும் மிச்ச மூட்டையை அடிவாரத்தில் இறக்கிக் கொடுத்துவிட்டுத் திரும்புவாள். "வந்துட்டயா", "பாத்துப் போ", "எறக்கு" என்ற மூன்று பேச்சுக்கு மேல் அவளிடம் பேச அவருக்கு ஒன்றும் இருந்ததில்லை.

முதல் சந்தையில் பெட்டி பாடியதும் கூட்டம் கூடத்தான் செய்தது. மிளகு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு ஆண்கள் நின்றார்கள். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பாயைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பழனாயியும் ஓரமாக உட்கார்ந்து அழுதாள். பாட்டு முடிந்தது. கரீம் தொண்டையைச் செருமிக்கொண்டு "சீலைங்க" என்றார். எல்லாரும் அவரை ஒரு மாதிரி இரக்கத்தோடு பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். அன்றைக்குப் பதினோரு தடவை ராணி அழுதாள், ஒரு துண்டுகூடப் போகவில்லை.

இரண்டாம் சந்தையில் கூட்டம் இன்னும் அதிகம். மாராயி என்கிற நடுவயதுக்காரி ஒரு பானை சாமைச் சோற்றையும் அவரைக்காய்க் குழம்பையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்து, "சாப்புடுங்க சாமி, வகுத்தக் காயப் போடாதீங்க" என்றாள். சாமியப்பன் என்ற பெரிய பண்ணைக்காரர் ஒரு பலாப்பழத்தை இறக்கி வைத்து, கரீமின் தோளை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். பாட்டுக் கேட்டதற்கு மலைக்காரர்கள் செய்யும் மரியாதை போலிருக்கிறது என்று கரீம் திருப்தியாகச் சாப்பிட்டார். கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்த ஒரு குடும்பத்தை மட்டும் மாராயி வழியிலேயே மடக்கிக் காதில் ஏதோ சொல்லித் திருப்பி அனுப்பியதை அவர் கவனித்தார். கவனித்து என்ன, புரியவில்லை.

மூன்றாம் சந்தையில் சோற்றோடு தேனும் வாழைப்பழமும் வந்தன. மூட்டை இளைக்கவில்லை, கரீம்தான் பெருத்தார்.

நாலாவதுதான் கடைசிச் சந்தை. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. கரீம் பெட்டிக்குச் சாவி கொடுக்கப் போனபோது, சோற்றுப் பானையோடு வந்த மாராயி எதிரே உட்கார்ந்தாள். சாமியப்பனும் பின்னால் வந்து நின்றார்.

"ஏனுங்க ராவுத்தரே, நாலு வாரமாக் கேக்கக் கூடாதுன்னே இருந்தேன். உங்க ஊட்டுல யாருங்க தவறுனது?"

"யாரு தவறுனது?" என்று கரீம் திருப்பிக் கேட்டார்.

"மறைக்காதீங்க. ஆம்பளைங்களுக்கு வாய்விட்டு அழுவ வராது. அதுக்கோசரம் நீங்க அழுவறதுக்குன்னே ஒரு பெட்டி வாங்கியாந்திருக்கீங்க. எங்கூட்டு ஆம்பளைங்களுக்கு இந்தப் புத்தி வருமா?"

"அது பெட்டிப் பாட்டுங்க. நாடகத்துல பாடறது..."

"பெட்டின்னு எங்களுக்குத் தெரியாதுங்களா? ஊரெல்லாம் கும்மாளப் பாட்டு விக்கிதாம். நீங்க அழுவாச்சியவே வாராவாரம் வெக்கிறீங்க. துக்கமில்லாதவன் அப்பிடி வெப்பானா? எழவு ஊட்டுக்காரர்கிட்டப் போயி, அந்தச் சீலை என்ன வெலைன்னு கேட்டா நாங்க மனுசருங்களா?"

சாமியப்பன் குனிந்து மெதுவாகச் சொன்னார். "உங்கள்ல துக்கம் எத்தன நாளுங்க? முடிஞ்சுதுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, போதும். நோம்பிக்கு எல்லாரும் துணி எடுக்கோணும். உங்ககிட்டத்தான் எடுக்கறதுன்னு இருக்கறோம். வேற கடையில ஒருத்தரும் இன்னும் கை வெக்கல."

கரீம் மூட்டையைப் பார்த்தார். ஒரே ஒரு வார்த்தை. மூட்டை மொத்தமும் காலியாகிவிடும், மண்டியின் வாடையிலிருந்து ஆயுசுக்கும் விடுதலை. யாரையாவது ஒருவரைச் சாகடிக்க வேண்டும், அவ்வளவுதானே. யாரைச் சொல்லலாம் என்று யோசித்தவருக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் மைத்துனர்தான். ஷேக் பரீத் நல்ல ஆரோக்கியத்தோடு மனக்கண்ணில் வந்து நின்றார். கரீம் வாயைத் திறந்தார்.

அதற்குள் மாராயி சோற்றைப் பிசைந்து உருண்டையாக அவர் கையில் வைத்துவிட்டாள். சூடு ஆறவில்லை. தூறலில் நனையாமல் அதை முந்தானைக்குள் பொத்திக்கொண்டு வந்திருக்கிறாள். அந்த உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு பொய் சொல்ல அவரால் முடியவில்லை.

"யாரும் தவறலீங்க," என்றார். "கூட்டம் சேரும், யாவாரம் ஆவும்னு பெட்டியக் கொண்டாந்தேன். சிரிப்புப் பாட்டுத்தான் வெச்சிருப்பேன். அது மேல உக்காந்துட்டேன்."

"யாருமே சாவலையா?"

"இல்லீங்க."

"ஒரு தூரத்துச் சொந்தங்கூடவா?"

"எல்லாரும் நல்லா இருக்காங்க," என்றார் கரீம், மன்னிப்புக் கேட்கும் குரலில்.

"மூணு வாரச் சோறு!" என்றாள் மாராயி. "என் பலாப்பழம்!" என்றார் சாமியப்பன். யாரோ ஒருத்தி முந்தானைக்குள் களுக்கென்று சிரிக்க, அது அப்படியே பற்றிக்கொண்டு, சந்தையே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. கரீம் பூமி பிளக்காதா என்று உட்கார்ந்திருந்தார். அப்போதுதான், சிரிக்காத ஒரு முகம் அவர் கண்ணில் பட்டது. பழனாயி. மூன்று வாரமும் எல்லாரையும்விட அதிகமாக அழுதவள்.

"நீ எங்கூடவே வாரவ," என்றார் அவளிடம். "எனக்குத் துக்கமில்லேன்னு உனக்குத் தெரியாதா? நீ எதுக்கு அழுத?"

"தெரியுமுங்க. நான் எம் புள்ளைக்கு அழுதனுங்க."

சிரிப்பு நின்றது. பழனாயி தலைக்கு வைக்கும் சும்மாட்டுத் துணியைப் பிரித்துப் பிரித்துச் சுற்றினாள்.

"மார்கழியில சொரம் வந்துச்சுங்க. ரெண்டு வயசு. மறுவாரம் அடிவாரத்துக்கு நான் செத்த நேரங்கழிச்சு வந்தேன், நீங்ககூட வஞ்சீங்களே."

கரீமுக்கு ஞாபகம் இருந்தது. 'சந்தை கலைஞ்சப்புறம் போயி என்ன பண்றது, தூங்கிட்டு இருந்தயா?' என்று கேட்டிருந்தார். மூன்று வருடத்தில் அவளிடம் அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

"ஊட்டுல அழுவ நேரமில்லீங்க. இங்க பெட்டி பாடறப்ப அழுதா, உங்களுக்கு அழுவறேன்னு எல்லாரும் உட்டுட்டாங்க."

கரீமுக்கு வெட்கமாக இருந்தது. சாதாரண வெட்கமில்லை, உட்கார்ந்த இடத்தில் உடம்பு சுருங்கிப்போகிற வெட்கம். ஊரே தன் இல்லாத துக்கத்துக்குச் சோறு கொண்டுவந்து கொட்டியிருக்கிறது. தன் சுமையைத் தூக்குகிறவளின் இருக்கிற துக்கத்தை அவர் ஏழு மாதமாக ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அவ கூடப் பொறந்தவன் சிலோனுக்குத் தோட்ட வேலைக்குப் போனவன், வரவே இல்ல," என்றாள் மாராயி. "பொறந்த ஊட்டுலருந்து கோடித் துணி போடாம எங்கள்ல துக்கம் கழியாதுங்க. பொங்கலுக்கும் அவ புதுசு கட்டல."

கரீம் மூட்டையை அவிழ்த்து, அடியில் இருந்த நல்ல சேலையை உருவினார். மாம்பழ நிறம், சிவப்புக் கரை. பழனாயியிடம் நீட்டினார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"சும்மாக் குடுக்கறீங்களா, கோடியாக் குடுக்கறீங்களா?"

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"சும்மான்னா வேண்டாமுங்க. கோடின்னா நீங்க எனக்குப் பொறந்தவன். வருசாவருசம் நோம்பிக்கு வரோணும். நான் கோவிச்சுக்கிட்டா வந்து சமாதானஞ் சொல்லோணும். தோல் மண்டிக்குப் போறேன்னு எறங்கிப் போயிட முடியாது."

"மண்டி விசயம் உனக்கெப்பிடித் தெரியும்?"

"வழியெல்லாம் நீங்களாப் பேசிக்கிட்டுத்தானே வாரீங்க. நான் கேட்டுக்கிட்டுத்தான் வாரேன்."

கரீமுக்குத் தன் முழங்கால் ஞாபகம் வந்தது. ஆடி மழையில் வழுக்கும் பாதை ஞாபகம் வந்தது. எழுந்து நின்று, சேலையை இரண்டு கையாலும் பிடித்தார்.

"கோடிதான்," என்றார்.

மாராயி அதை வாங்கிப் பழனாயியின் தோளில் போர்த்தினாள். அப்போது பழனாயி வாய்விட்டு அழுதாள், பெட்டியின் துணையில்லாமல். கரீமுக்கும் கண் நிறைந்து வழிந்தது. அதைப் பார்த்த மாராயி, இந்த ஆம்பளைக்கு அழ வருகிறதே என்று அதிசயப்பட்டாள். கொஞ்ச நேரம் கழித்து மூக்கைச் சிந்திவிட்டு, "அந்தப் பச்சைய எடுங்க பாக்கலாம்" என்றாள்.

பிற்பகலுக்குள் முக்கால் மூட்டை போய்விட்டது. துக்கக்காரரிடம் காட்டாமல் நாலு வாரம் அடக்கி வைத்திருந்த கறாரையெல்லாம் சேர்த்துக் காட்டி விலை பேசினார்கள், சாமியப்பன் எல்லாரையும்விட மோசம்.

இறங்கும்போது பழனாயி வழக்கம்போல மூட்டையையும் பெட்டியையும் எடுத்தாள். கரீம் பெட்டியைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். முதல் வளைவிலேயே அவருக்கு மூச்சு இரைத்தது. "மெதுவா வாங்கண்ணா," என்றாள் அவள்.

கரீம் வெகுதூரம் யோசித்துவிட்டு, "புள்ளை பேரு என்ன?" என்று கேட்டார்.

"பாவாயிங்க," என்றாள். பிறகு, எப்போது நடக்கத் தொடங்கினாள், எதற்கெல்லாம் அடம் பிடித்தாள், எந்தக் கோழியைத் துரத்தினாள் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். அடிவாரம் வந்துவிட்டது, அவள் இன்னும் சொல்லி முடிக்கவில்லை. கரீம் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.