ஜோதிமணி வீட்டுக் குண்டு பல்பு

ஜோதிமணியின் கோழிக்குஞ்சுகள் பனியில் செத்துப்போயின என்று எஸ்டேட் லைன் வீடுகளில் பேசிக்கொண்டார்கள். பனியாவது மண்ணாவது! கொன்றவன் சூப்பர்வைசர் முத்துராஜ். அவளுக்கு அதில் துளியும் சந்தேகமில்லை.

தொழிலாளர் வீடுகளில் இனி எல்.இ.டி. விளக்குதான் எரியவேண்டும் என்று எஸ்டேட்டில் உத்தரவு போட்டிருந்தார்கள். கரண்டு மிச்சமாகும், நல்ல விஷயம், யார் வேண்டாமென்றது? குஞ்சுகளுக்கு இறகு முளைக்கும்வரை அடுப்படியில் ஒரே ஒரு குண்டு பல்பு இருக்கட்டும், அதன் சூட்டில்தான் அவை பிழைத்துக் கிடக்கின்றன என்று அவள் கெஞ்சினாள். முத்துராஜ் சரியென்று தலையை ஆட்டினான். மறுநாள் அவள் கொழுந்து பறிக்கப் போன நேரம் பார்த்து உள்ளே புகுந்தான். பல்பைக் கழற்றி வாசலில் போட்டு உடைத்துவிட்டு, எல்.இ.டி.யை மாட்டிவிட்டுப் போனான்.

சாயங்காலம் வந்து பார்த்தால், வெள்ளை வெளிச்சத்தில் அட்டைப்பெட்டி நிறையக் குஞ்சுகள் விறைத்துக் கிடந்தன. ஓடிப்போய்க் கேட்டாள். "கோழி வளக்கறதுக்கா உனக்கு எஸ்டேட்ல ஊடு குடுத்திருக்குது?" என்றான், பல்லைக் குத்திக்கொண்டே. பாவி. அவன் கதறுவதை ஒருநாள் கண்ணால் பார்க்கவேண்டும் என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டாள்.

தை மாதம் சிறுத்தை வந்து அவனுடைய நாயைத் தூக்கிக்கொண்டு போனது. கண் திறக்காத மூன்று குட்டிகள் மிச்சம். பிள்ளையில்லாத மனுஷன், அந்த நாயை மகளே என்றுதான் கூப்பிடுவான். ஜோதிமணி இன்னொரு பல்பை ஒளித்து வைத்திருக்கிறாள் என்று பக்கத்து வீட்டு மருதாம்பாள் எப்போதோ கிளப்பிவிட்ட புரளி அவன் காதுக்கும் எட்டியிருந்தது. பொழுது சாயும் நேரத்தில் கூடையோடு வாசலில் வந்து நின்றான்.

"ஏனுங்க ஜோதிமணி, அந்தக் குண்டு பல்பக் கொஞ்சம் குடுங்க. குன்னூர்ல கடை கடையா ஏறி எறங்கிட்டேன், கெடைக்கலீங்க. இந்தக் குளுருல விடியறதுக்குள்ள செத்துருமுங்க."

இத்தனை நாள் வராத மரியாதையெல்லாம் வந்துவிட்டது. அவளுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

"குட்டிகள இங்க உட்டுட்டுப் போங்க சார். காலைல பெரட்டுல, எங்குஞ்சுகள நீங்கதான் கொன்னீங்கன்னு எல்லாரு முன்னாடியும் சொல்லுங்க. அப்புறம் குட்டியும் வாங்கிக்கலாம், பல்பும் வாங்கிக்கலாம்."

"அத்தன பேரு முன்னாடி எப்படிங்க..."

"அப்பக் கூடையத் தூக்குங்க."

கூடையை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனான்.

வேலைக்குப் பேர் கொடுக்க எல்லோரும் கூடும் பெரட்டுக் களத்தில் மறுநாள் முத்துராஜ் குல்லாவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். "ஜோதிமணி கெஞ்சிச்சு. குஞ்சு செத்துரும்னு தெரிஞ்சேதான் பல்பக் கழட்டுனேன்," என்றான். குரல் உடைந்துபோனது. பெண்கள் முறைத்தார்கள். மருந்தடிக்கும் கந்தன் காறித் துப்பினான்.

ஜோதிமணி கூடையைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள். மூன்றும் உயிரோடு நெளிந்தன.

"பல்புங்க?" என்றான் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"பல்பு ஏதுங்க சார்? இருந்த ஒண்ணையும் நீங்கதான ஒடைச்சீங்க? ராத்திரி பூரா மடியில போட்டு, கம்பளியப் போத்தி, கண்ணு மூடாமக் காப்பாத்துனேன். சாகும்னு தெரிஞ்சேதான் செஞ்சேன்னு உங்க வாயால வரணும். அதுக்குத்தான் பல்பு இருக்கறதாச் சொன்னேன்."

களமே சிரித்தது. முத்துராஜ் கூடையை நெஞ்சோடு அணைத்தபடி, யாரையும் பார்க்காமல் நடந்தான்.

பழி தீர்ந்ததா என்று கேட்டால், பாதிதான் தீர்ந்தது. குட்டிகள் பிழைத்துவிட்டனவே.