இடம் மூன்று, இறுகும்

விடிகாலை ஐந்து மணிக்கு கிங்ஸ்பரியில் என் வீட்டு வாசலில் வான் வந்து நின்றபோது, முன் சீற்றில், என் இடத்தில், வேறொருவன் இருந்தான். "பாலா அண்ணை, இவன் விஷால். என்ர வேலையிடத்துப் பெடியன், கோயம்புத்தூர். ரேஸ் எண்டால் உயிர்," என்றான் வானை ஓட்டிவந்த கிருஷாந். நான் பின்னால் ஏறினேன்.

ஏழு குளிர்காலமாக வேல்ஸ் காட்டுப்பாதைகளில் நடக்கும் கார்ப் பந்தயமான ராலி பார்க்க நாங்கள் இரண்டு பேர்தான் போவோம். அவன் ஓட்டுவான். நான் பக்கத்திலிருந்து வரைபடத்தை மடியில் விரித்து, ராலிக் காரில் ஓட்டுநருக்கு வளைவுகளை வாசித்துச் சொல்பவரைப்போல, "இடம் மூன்று, இறுகும்" என்று சொல்லிக்கொண்டு போவேன். 'இடம்' என்றால் இடப்பக்க வளைவு. எண் சிறுக்கச் சிறுக்க வளைவு கடுமை. போகப்போக இன்னும் ஒடுங்கினால் 'இறுகும்'. வெறும் விளையாட்டுத்தான். ஆனால் அந்த ஒரு நாளுக்காகவே கராஜில் லீவைச் சேர்த்து வைப்பேன். இப்போது விஷாலின் கைபேசி வழி சொல்லிற்று. கிருஷாந்தின் மனைவி சாப்பிடக் கொடுத்துவிட்ட ரோல்ஸ்கூட முதலில் முன்பக்கம்தான் போனது.

காட்டில் இறங்கியதும் "எங்க நிப்பம்?" என்று கிருஷாந் கேட்டான். விஷாலைக் கேட்டான். விஷால் வளைவின் வெளிப்பக்கத்தைக் காட்டினான். கார் நேரே முகத்துக்கு வருமாம், வீடியோவுக்கு நல்லதாம்.

பாதை ஐஸ் கட்டிக் கிடந்தது. ஐஸில் முன்சக்கரத்தை எவ்வளவு திருப்பினாலும், பிடிக்க ஒன்றும் இல்லாவிட்டால் கார் வந்த திசையிலேயே போகும். அதாவது வளைவின் வெளிப்பக்கத்துக்கு. ஐஸின் மேலே கிடக்கும் சரளை முதல் சில கார்களுக்குக் கொஞ்சம் பிடி கொடுக்கும். அவை அதைக் கூட்டித் தள்ளிவிட்டால் கீழே கண்ணாடிதான். அதனால் உள்பக்க மேட்டில் நிற்க வேண்டும். இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். கேட்டால் அரை மணித்தியாலமும் சொல்லுவேன். யாரும் கேட்கவில்லை. தனியாக மேட்டில் ஏறினேன்.

ஐந்து கார்கள் ஒழுங்காகப் போயின. "அண்ணா, அங்கிருந்து என்ன தெரியுது? இங்க வாங்க, செமையா இருக்கு," என்றான் விஷால். கிருஷாந் சிரித்தான். பாதை பளபளக்கத் தொடங்கியதைப் பார்த்தேன். பேசாமல் நின்றேன். ஒருமுறை வழுக்கட்டும், விஷாலின் முகம் வெளுக்கட்டும் என்றுதான் நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன் என்று இப்போதும் எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

அடுத்த கார் வருகிறதென்று மேல் வளைவில் நின்ற பந்தயக் காவலர், மார்ஷல், ஊதிய விசில் கேட்டது.

"கிருஷாந், பின்னால போ! மரத்துக்குப் பின்னால!" என்று கத்தினேன்.

அவன் விஷாலின் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினான். கார் பக்கவாட்டாக வழுக்கிவந்து, அவர்கள் நின்ற இடத்தில் கிடந்த தேத்தண்ணி பிளாஸ்க்கை நசுக்கிப் பாதையோரக் கான் பள்ளத்துக்குள் சரிந்தது. ஓட்டுநர் இறங்கி, ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினார்.

கிருஷாந் மேட்டுக்கு ஏறிவந்தான். மூச்சு வாங்கி முடியும்வரை என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அண்ணை, உங்களுக்கு முதலே தெரியுந்தானே?"

"ஓம்," என்றேன்.

திரும்பும்போது விஷால் தானாகவே பின்னால் ஏறிக்கொண்டான். முன் சீற்று எனக்கு வந்தது. வரைபடத்தை மடியில் விரித்தேன். காட்டுப்பாதை கீழ்நோக்கித் திரும்பியது.

"இடம் மூன்று," என்றேன் மெல்ல. "இறுகும்."

கிருஷாந் பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு கையை நீட்டி, தன் கைபேசியைக் கண்ணாடிக்குக் கீழே இருந்த தாங்கியில் செருகினான். அது ஆங்கிலத்தில் வழி சொல்லத் தொடங்கிற்று.