சாய்வு கொஞ்சம் அதிகம்

நாற்காலியின் முதுகில் கடைசி ஆணியை அடித்துவிட்டு அண்ணி இரண்டடி பின்னால் நகர்ந்தாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "சாய்வு கொஞ்சம் அதிகமாயிடுச்சோ?" என்று என்னைக் கேட்டாள். அதிகம்தான். முதுகுப் பலகை இருக்க வேண்டிய இடத்தை விட்டுப் பின்னால் போய்விட்டிருந்தது. அளவு பார்க்கும்போது அவள் அளவு நாடாவை எடுக்காமல் தன் முதுகையே வைத்துப் பார்த்திருக்கிறாள். ஆனால் பார்வையிட வருகிறவர்களின் வண்டி கீழே வந்து நிற்கும் சத்தம் கேட்டுவிட்டது. இனி பிரித்துக் கட்ட முடியாது. "எல்லாம் சரியாத்தான் இருக்கு அண்ணி. போய் முகத்தைக் கழுவிட்டு வாங்க" என்று அனுப்பினேன்.

பழைய கார் ஷெட்டுக்கு மேலே இருக்கிறது எங்கள் பயிற்சிக் கூடம். பெண்கள் சங்கம் வாடகைக்கு எடுத்திருக்கும் ஒரே நீள அறை. ஷெட்டின் புகை வருடக் கணக்கில் படிந்த ஜன்னல்கள் என்பதால் வெயில் உள்ளே வரும்போதே பழுப்பாகி, களைத்துப்போய்த்தான் வரும். அந்த வெளிச்சத்தில் பஞ்சும் ஸ்பாஞ்சுத் துகளும் மிதந்துகொண்டே இருக்கும். கீழே இறங்க வேண்டும் என்ற அவசரம் அவற்றுக்குக் கிடையாது. யார் யாரோ வேண்டாமென்று தூக்கிப்போட்ட நாற்காலிகளும் குடல் சரிந்த சோபாக்களும் எங்களிடம் படியேறி வரும். உரித்து, அடியில் நாடாப் பட்டை இழுத்துக் கட்டி, ஸ்பிரிங் வைத்து, ஸ்பாஞ்சு வெட்டி, துணி போர்த்தி அனுப்புவோம். ஆரம்பத்தில் நாக்குத் தள்ளிவிட்டது. பிறகு கை பழகிவிட்டது. மத்தியானத்தில் எல்லோரும் பேச்சை விட்டுவிட்டுத் தைக்கும்போது அந்த அறை ஒரு மீன்தொட்டி போல ஆகிவிடும். நாங்கள் உள்ளே அசைந்துகொண்டிருப்போம். வெளியே தெரு என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும்.

சொல்லிக்கொடுப்பவரை எல்லோரும் சோபாக்கா என்றுதான் கூப்பிடுவோம். அகலமான ஆள், அதைவிட அகலமான சிரிப்பு. அவருக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. "கட்டினவ முதல்ல உட்காரணும். அவ உட்கார்ந்தப்புறம்தான் மத்தவங்க. கை பொய் சொல்லும், வாய் பொய் சொல்லும், முதுகு சொல்லாது." அதனால் ஒவ்வொரு நாற்காலியும் முடிந்ததும் ஒரு சின்ன நாடகம் நடக்கும். கட்டியவள் மகாராணி மாதிரி போய் உட்காருவாள். உள்ளே என்னென்ன வைத்தாள், ஏன் வைத்தாள் என்று உட்கார்ந்தபடியே சொல்ல வேண்டும். நாங்கள் சுற்றி நின்று கலாய்ப்போம். அண்ணி மட்டும் ஒவ்வொரு முறையும் விளிம்பில் ஒட்டிக்கொண்டு, யாரோ கூப்பிட்டால் எழுந்து ஓடத் தயாராக உட்காருவாள். பாதி சொல்வதற்குள் எழுந்தும் விடுவாள்.

இன்று நடப்பது கலாட்டா இல்லை, தேர்வு. பயிற்சி முடிக்கிறவர்களில் ஒருத்திக்குச் சங்கம் ஒரு உதவி தருகிறது. கனத்த துணி தைக்கிற மெஷின், தேவையான கருவிகள், ஷெட்டுக்குப் பக்கத்து அறை. தொழில் நிலைக்கும் வரைக்கும் அந்த அறைக்கு வாடகையைச் சங்கமே கட்டும். ஒருத்திக்கு மட்டும்தான். அண்ணிக்கு அது கிடைத்தே ஆக வேண்டும். ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் போர்வை மடிக்கிறாள். காலையில் வந்ததும் படுத்த படுக்கையாக இருக்கும் என் அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்து, துடைத்து, ஊட்டி, பிள்ளைகளைக் கிளப்பி அனுப்பிவிட்டு இங்கே வந்துவிடுகிறாள். நான் செய்கிறேன் என்று போனால், "உனக்கு அத்தையைத் திருப்பத் தெரியாதுடி, வலிக்கும்" என்று தள்ளிவிடுவாள். அண்ணன் லாரியோடு ஊர் ஊராகப் போகிறவன், வீட்டுக்கு விருந்தாளி. சொந்தமாக ஒரு அறை வந்தால் ராத்திரி வேலையை விட்டுவிடலாம். மற்ற மனிதர்களைப் போல இருட்டினால் தூங்கலாம். அவள் கேட்பது அவ்வளவுதான்.

எனக்கும் அந்த அறை வேண்டும் என்பதை மறைப்பானேன். புகுந்த வீடு வேண்டாமென்று திரும்பி வந்து, அண்ணன் வீட்டு மூலையில் ஒரு பெட்டியோடு இருக்கிறவள் நான். என் நாற்காலி அண்ணியுடையதற்கு அடுத்து இருந்தது. சாய்வு கச்சிதம். ஓரத் தையலில் குற்றம் கண்டுபிடிக்க வேண்டுமானால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் தேட வேண்டும்.

சங்கத்திலிருந்து வந்தவர்கள் இரண்டு பேர். கண்ணாடி போட்ட ஒரு அம்மா, கையில் கடிகாரத்தைத் திருகிக்கொண்டே இருந்த ஒருவர். முதலில் அண்ணியின் முறை. ஈர முகத்தோடு வந்தாள். எல்லோரையும் பார்த்துக் கூச்சமாகச் சிரித்தாள். பழக்கப்படி விளிம்பில்தான் உட்கார்ந்தாள். ஆனால் அந்த நாற்காலி விளிம்பில் உட்கார விடுகிற நாற்காலி இல்லை. அவள் முதுகுக்கே அளவெடுத்தது. மெதுவாக அவளை உள்ளே இழுத்துக்கொண்டது.

"உள்ள முதல்ல பட்டை," என்று ஆரம்பித்தாள். "குறுக்கும் நெடுக்குமா போட்டிருக்கேன். அதுக்கு மேல ஸ்பிரிங்கு. ஸ்பிரிங்கு வந்து..." நிறுத்தினாள். வார்த்தை தேடுகிறாள் என்று நினைத்தோம். கண்கள் திறந்துதான் இருந்தன. பிறகு பாதி. பிறகு இல்லை. வாய் லேசாகத் திறந்துகொண்டது. அண்ணி அசந்து தூங்கிவிட்டாள்.

பின்வரிசையில் யாரோ சிரிப்பை விழுங்கினார்கள். கடிகாரக்காரர் தாழ்ந்த குரலில், "எழுப்புங்களேன். அவங்களே சொல்லணும், அதுதான் முறை. இன்னும் ரெண்டு எடத்துக்குப் போகணும்" என்றார். சோபாக்கா என்னைப் பார்த்தார். அவள் வீட்டு ஆள் நான்தானே.

அண்ணியின் தோளில் கை வைத்தேன். சூடாக இருந்தது. அவள் தூங்கி நான் பார்த்த முகமில்லை அது. வீட்டில் அவள் எப்போது கண்ணை மூடுகிறாள் என்று நான் கவனித்ததே இல்லை. நெற்றியில் எப்போதும் இருக்கும் கோடு போய்விட்டிருந்தது. யாருக்கும் மருமகளாகாத, யாருக்கும் அம்மாவாகாத ஒருத்தி அங்கே இருந்தாள். எனக்கு அவளைத் தெரியாது. "அண்ணி" என்றேன். அசையவில்லை. "அண்ணி..."

இமைகள் கொஞ்சம் பிரிந்தன. என்னைத்தான் பார்த்தாள், ஆனால் எங்கேயோ தூரத்திலிருந்து. "விடிஞ்சிருச்சா?" என்றாள்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அடித்துப் பிடித்து எழுந்து, மன்னிப்புக் கேட்டு, ஸ்பிரிங்கிலிருந்து தொடர்ந்திருப்பாள். அறை அவளுக்கே கிடைத்திருக்கலாம்.

"இல்ல அண்ணி. இன்னும் நேரமிருக்கு. தூங்குங்க."

சின்னப் பிள்ளை மாதிரித் தலையாட்டிவிட்டுத் திரும்பவும் போய்விட்டாள்.

சொன்ன பிறகுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுப்பாமல் விட்டால் யாருக்கு லாபம்? பாசத்தில் சொன்னேனா, பக்கத்தில் கச்சிதமாக நிற்கும் என் நாற்காலிக்காகச் சொன்னேனா? சத்தியமாக எனக்கே தெரியவில்லை. சுற்றி நின்றவர்களின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"அப்போ அடுத்தது யாரு?" என்றார் கடிகாரக்காரர்.

"நான்தான். ஆனா நான் உட்கார மாட்டேன்," என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. "அவங்களுக்கு அப்புறம்தான் என் முறை. அவங்க எழுந்து சொல்லட்டும்."

"அதுவரைக்கும் யாரும்மா காத்திருக்கிறது? ரெண்டு பேருமே இந்தத் தடவை விட்டுட வேண்டியதுதான்."

"விட்டுடுங்க" என்றேன்.

கண்ணாடி அம்மா அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தார். "எப்போலேருந்து தூங்கல இவங்க?" என்று கிசுகிசுத்தார்.

"எங்க அண்ணன் கல்யாணம் பண்ணிக் கூட்டிட்டு வந்ததுலேருந்து" என்றேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. உட்காரவும் இல்லை, கிளம்பவும் இல்லை. பையை மார்போடு அணைத்தபடி அப்படியே நின்றார். கடிகாரக்காரர் படியருகே போய் நின்றுகொண்டார், போகிறவர் மாதிரியும் இல்லாமல், இருக்கிறவர் மாதிரியும் இல்லாமல். சோபாக்கா நடந்து போய், மூலையில் சும்மா இரைந்துகொண்டிருந்த மெஷினின் சுவிட்சை அணைத்தார். ஷெட்டில் யாரோ இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி இறங்கிப் போய் என்ன சொன்னாளோ, அதுவும் நின்றது. அறை முழுக்கத் துகள்கள் மட்டும் மிதந்தன.

அண்ணியின் கால்கள் தரை எட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தன. வெட்டி மீந்த ஸ்பாஞ்சைச் சுருட்டி, மண்டியிட்டு, அவற்றின் கீழே வைத்தேன். சலவைத் தண்ணீரில் ஊறி ஊறி வெளுத்த பாதங்கள். தூக்கத்திலும் அவை சும்மா இல்லை. ஒன்று மாற்றி ஒன்று, அவசரமாக எங்கேயோ போய்க்கொண்டிருப்பதுபோல, லேசாக அசைந்தன. கையால் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் என் கைக்குள்ளும் நடந்தன. பிறகு வலது கால் நின்றது. இடது கால் இன்னும் கொஞ்ச தூரம் போய்விட்டு, அதுவும் நின்றது.