ஆயிரத்துக்கு மூன்று குறைவு

இடது கையின் மோதிர விரல் மட்டும் படிய மாட்டேன் என்றது. கைகளை மார்பின்மேல் சேர்த்துவைக்க வந்த ஆள் இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார். மூன்றாவது தடவை அழுத்தப் போனபோது அவள் தடுத்தாள்.

"விடுங்க. முப்பது வருஷமா அது அப்படித்தான்."

கணவர் நேற்றுக் காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார். அழுகையெல்லாம் நேற்றே அழுதாகிவிட்டது. இன்று அவளுக்கு வேறு கவலை. மடியில் நீல அட்டை போட்ட ஸ்கோர் புத்தகம் இருந்தது. ஊர் கிரிக்கெட் கிளப்புக்குப் பதினோரு வருடம் அவர்தான் ஓப்பனிங். அந்தப் பதினோரு வருடமும் மேசை போட்டு உட்கார்ந்து ஸ்கோர் எழுதியவள் அவள்.

ஆயிரம் ரன் எடுத்தவர் இறந்தால் பெட்டிமேல் கிளப்பின் பச்சைத் தொப்பியை வைப்பார்கள். அவர் எடுத்தது தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு.

கிளப் செயலாளர் மாலையோடு வந்தார். தொப்பி கொண்டுவரவில்லை.

"கமிட்டியில பேசிப் பாத்துட்டேன் அண்ணி. மூணு ரன்னா இருந்தாலும் குறை குறைதான்னுட்டாங்க."

"நான் கேக்கலையே" என்றாள். கேட்கவில்லையே தவிர, நெஞ்சு முழுக்க அதுதான் இருந்தது.

"விடும்மா" என்றான் மகன் மெல்லிய குரலில். "அப்பா ஆவரேஜ் பன்னெண்டு. அந்தப் பேச்சை யாரும் இங்க எடுக்காம இருந்தாலே போதும்."

அவளுக்குச் சுருக்கென்றது.

"பன்னெண்டுதான். அந்தப் பன்னெண்டுக்கு எத்தனை பந்து நின்னாருன்னு தெரியுமா உனக்கு? புதுப் பந்து பழசாகிற வரைக்கும் அடி வாங்கிட்டு நிப்பாரு. பின்னாடி வர்றவங்க நோகாம அடிச்சுப் பேர் வாங்கிட்டுப் போவாங்க."

மூன்றாவதாக இறங்கிச் சதம் சதமாக அடித்தவர் செயலாளர்தான். அவர் தரையைப் பார்த்தார்.

அப்போது நிலைப்படியில் குனிந்து ஒரு நெட்டை மனிதர் உள்ளே வந்தார். முழங்கால் மடங்காமல் விந்தி விந்தி நடந்தார். எதிர் அணியின் வேகப்பந்து வீச்சாளர். அந்தக் காலத்தில் அவரை எல்லோரும் ரயில் என்பார்கள். சிவப்புத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பெட்டியருகே வெகுநேரம் நின்றார்.

"டெக்னிக்குன்னு சொல்ல ஒண்ணுமில்ல" என்றார். "முன்னங்கால் நகரவே நகராது. ஆஃப் சைடுல ஒரு ஷாட் கிடையாது."

மகனின் முகம் வாடியது.

"ஆனா மூஞ்சிக்கு நேரா பந்து வந்தாலும் தலையைத் திருப்ப மாட்டான். நான் போட்டதுல அப்படி நின்னவன் இவன் ஒருத்தன்தான்." விரலைப் பார்த்தார். "இது என் வேலை. பந்து கிளவுஸ்ல பட்டு பவுண்டரிக்குப் போச்சு. இவன் விரல் உடைஞ்சு நிக்கறான், அம்பயர் பாட்டுக்கு முழங்காலைத் தூக்கித் தட்டி, கால்ல பட்டுப் போச்சுன்னு லெக் பைங்கிறாரு."

செயலாளர் நிமிர்ந்தார். "அப்போ அந்த நாலும் அண்ணன் கணக்குல வரணும். ஆயிரத்து ஒண்ணு. பந்து போட்டவரே சாட்சி. அண்ணி, புத்தகத்துல திருத்திக் குடுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்."

மகன் பேனாவை நீட்டினான்.

அவள் அந்தப் பக்கத்தைத் திருப்பினாள். பந்து எங்கே பட்டது என்பதை அன்றைக்கு அவளும்தான் பார்த்தாள். சாயங்காலம் கட்டோடு வந்தவர், "என்ன எழுதின?" என்று மட்டும் கேட்டார். லெக் பை என்றாள். "சரி, அம்பயர் சொன்னதைத்தானே எழுதணும்" என்று வலது கையால் அவள் தோளைத் தட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். கடைசி ஆட்டத்தில் அவுட்டாகி வந்தபோது மூன்று குறைகிறது என்று அவருக்குத் தெரியும். அப்போதும் அந்த நாலைப் பற்றி வாய் திறக்கவில்லை. அதை நினைத்தபோது அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

பேனாவை மூடி மகனிடமே கொடுத்தாள்.

"அவரே கேக்கல. நான் யாரு மாத்த? எங்க ஆளு தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தேழு. அப்படியே இருக்கட்டும்."

ரயில் தன் கையிலிருந்த தொப்பியைப் பார்த்தார். சாயம் போய், விளிம்பு நைந்த தொப்பி.

"எங்க டீம்ல இந்த ரூலெல்லாம் கிடையாது" என்றார். "வைக்கலாமாம்மா?"

அவள் சற்றுத் தள்ளி நின்று வழிவிட்டாள். அவர் அதைக் குனிந்து மார்பின்மேல், கைகளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

தூக்கும் நேரம் வந்ததும் செயலாளர் யாரும் கூப்பிடாமலே தலைமாட்டுப் பக்கம் போய் நின்றார். வாசலில் நாலு படி. மூடாத பெட்டி முன்பக்கம் சாய்ந்தது. தொப்பி விழுந்துவிடும் என்று இரண்டு மூன்று கைகள் ஒரே சமயத்தில் நீண்டன.

விழவில்லை. அதன் விளிம்பு அந்த விரலில் மாட்டிக்கொண்டு நின்றது.